கம்பெனி மெயில் ஸ்பாம்ல விழுதா? எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணையும் முதல்ல இருந்து செட் பண்ற வழி

சொந்தமா டொமைன் வாங்கி, அதுல மெயில் ஐடி உருவாக்கி, எம்எக்ஸ் ரெக்கார்ட் போட்டு, மெயில் வர ஆரம்பிச்சதும் நிறைய பேர் வேலை முடிஞ்சதுனு விட்டுடுறாங்க. எம்எக்ஸ் ரெக்கார்ட் நமக்கு மெயில் வர்றதுக்கு மட்டும்தான். நம்ம அனுப்புற கொட்டேஷனும் இன்வாய்ஸும் எதிர்ல இருக்கிறவங்க இன்பாக்ஸ்ல ஒழுங்கா போய்ச் சேரணும்னா இன்னும் மூணு ரெக்கார்ட் வேணும், அதோட நம்ம பேரைப் போட்டு வேற எவனோ நம்ம கஸ்டமருக்கு "பேங்க் அக்கவுண்ட் மாறிடுச்சு, இனி இதுல பணம் போடுங்க"ன்னு மெயில் அனுப்புறதைத் தடுக்கிறதும் அதே மூணுதான்.

ஏன் இது தேவைப்படுதுன்னா, மெயில் அனுப்புற முறையான எஸ்எம்டிபி 1982ல எழுதப்பட்டது. அப்போ நெட்வொர்க் ரொம்பச் சின்னது, அனுப்புறவர் நிஜமாவே அவர்தானான்னு பாக்கிற ஏற்பாடு எதுவும் அதுல வைக்கல. இன்னிக்கும் ஃப்ரம்ங்கிற இடத்துல யார் வேணா எந்த அட்ரஸ் வேணா எழுதி அனுப்பலாம். அதனால வாங்கிக்கிற சர்வர், "இந்த டொமைன் ஓனர் இதுக்கு அனுமதி கொடுத்திருக்காரா?"ன்னு டிஎன்எஸ்ல (டொமைனோட விவரங்களை எல்லாரும் பாக்கிற மாதிரி வெச்சிருக்கிற பதிவேடு, அதுல இருக்கிற ஒவ்வொரு வரியும் ஒரு ரெக்கார்ட்) போய்க் கேக்குது. அங்க நம்ம பதில் எழுதி வைக்கணும், அவ்வளவுதான் விஷயம்.

2024 பிப்ரவரில இருந்து கூகுளும் யாஹூவும் இதைக் கட்டாயமாக்கிட்டாங்க. ஜிமெயிலுக்கு ஒரு நாளைக்கு 5000 மெயிலுக்கு மேல அனுப்புறவங்களுக்கு மூணும் வேணும், அவுட்லுக்.காம் பக்கம் மைக்ரோசாஃப்ட்டும் 2025 மே மாசத்துல இருந்து அதே மாதிரி கேக்குது. "நான் அனுப்புறதே நாளைக்கு பத்து இருபது மெயில்தானே"ன்னு விட்டுடாதீங்க, ஜிமெயில் எல்லார்கிட்டயும் எஸ்பிஎஃப் இல்லைன்னா டிகிம் ஏதாவது ஒண்ணு இருக்கணும்னு எதிர்பாக்குது.

ஒரு விஷயம் முன்னாடியே சொல்லிடறேன். ரெக்கார்டுகளை இங்க தமிழ் எழுத்துல எழுதியிருக்கேன், உங்க டிஎன்எஸ் பேனல்ல போடும்போது எல்லாம் இங்கிலீஷ் எழுத்துல இருக்கணும். புள்ளி, அரைப்புள்ளி, அண்டர்ஸ்கோர், சமக்குறி எல்லாம் இங்க எங்க இருக்கோ அங்கயே வரணும். வேர்ட் ஃபைல்ல இருந்தோ வாட்ஸ்அப்ல இருந்தோ காப்பி பண்ணி ஒட்டாதீங்க, வளைஞ்ச மேற்கோள் குறி கூடவே வந்து ரெக்கார்டைக் கெடுத்துடும்.

முதல் வேலை: உங்க டிஎன்எஸ் எங்க இருக்குன்னு கண்டுபிடிங்க

டொமைன் வாங்கின இடம் ஒண்ணா இருக்கும், டிஎன்எஸ் ஓடுற இடம் வேறயா இருக்கும். வெப்சைட் பண்ணிக் கொடுத்தவர் நேம்சர்வரை (டிஎன்எஸ் ரெக்கார்டுகளை வெச்சிருக்கிற சர்வர்) கிளவுட்ஃப்ளேருக்கோ ஹோஸ்டிங் கம்பெனிக்கோ மாத்தியிருப்பார், நீங்க டொமைன் வாங்கின இடத்துல லாகின் பண்ணி ரெக்கார்ட் போட்டுட்டு ஏன் வேலை செய்யலன்னு மண்டையை உடைச்சுக்கிட்டு இருப்பீங்க. ஆன்லைன்ல டிஎன்எஸ் லுக்அப் தளம் எதுலயாவது உங்க டொமைனோட என்எஸ் ரெக்கார்டை (நேம்சர்வர் எதுன்னு சொல்ற வரி) பாருங்க, அது எந்தக் கம்பெனியைக் காட்டுதோ அந்தப் பேனல்லதான் எல்லாத்தையும் போடணும். அந்த லாகின் உங்க கையில இல்லைன்னா முதல்ல அதை வாங்குங்க, மத்ததெல்லாம் அப்புறம்.

இரண்டாவது: உங்க பேர்ல யார் யார் மெயில் அனுப்புறாங்கன்னு லிஸ்ட் எடுங்க

எல்லாரும் தாண்டிப் போற படி இதுதான், என்னைக் கேட்டா மொத்த வேலையில பாதி இதுலதான் இருக்கு. ரெக்கார்ட் டைப் பண்ண கொஞ்ச நேரம் போதும், ஆனா உங்க டொமைன் பேர்ல எங்கெங்கிருந்து மெயில் போகுதுங்கிறது பல கம்பெனில யாருக்குமே முழுசா தெரியாது. கூகுள் வொர்க்ஸ்பேஸ், மைக்ரோசாஃப்ட் 365, ஜோஹோன்னு தினமும் மெயில் பாக்குற இடம் ஒண்ணு, அது எல்லாருக்கும் தெரியும். அது போக நியூஸ்லெட்டர் அனுப்புற சர்வீஸ், பில்லிங் சாஃப்ட்வேர், சிஆர்எம், சப்போர்ட் டிக்கெட் சிஸ்டம், வெப்சைட்ல இருக்கிற கான்டாக்ட் ஃபார்ம், ஆர்டர் கன்ஃபர்மேஷன், பாஸ்வேர்ட் ரீசெட், ஸ்கேன் பண்ணி மெயில் அனுப்புற பிரின்டர், எப்பவோ யாரோ செட் பண்ணி வெச்ச சர்வர் அலர்ட், சம்பள ஸ்லிப் அனுப்புற சாஃப்ட்வேர் இப்படி ஒவ்வொண்ணா வரும். அக்கவுண்ட்ஸ்ல கேளுங்க, மார்க்கெட்டிங்ல கேளுங்க, வெப்சைட் பாத்துக்கிறவரைக் கேளுங்க. ஒரு ஷீட்ல எழுதி, ஒவ்வொண்ணும் எந்த ஃப்ரம் அட்ரஸ்ல அனுப்புதுன்னும் பக்கத்துலயே குறிச்சு வெச்சுக்கோங்க. கடைசிப் படில இந்த ஷீட்தான் உங்களைக் காப்பாத்தும்.

மூணாவது: எஸ்பிஎஃப்

எஸ்பிஎஃப்னா "என் டொமைன் பேர்ல மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்குத்தான் அனுமதி"ங்கிற லிஸ்ட். டிஎன்எஸ் பேனல்ல புதுசா டிஎக்ஸ்டி ரெக்கார்ட் (வெறும் எழுத்தை வெச்சிருக்கிற வகை) ஒண்ணு போடணும், பேர் இருக்கிற இடத்துல @ குறி, வேல்யூ இப்படி:

வி=எஸ்பிஎஃப்1 இன்க்ளூட்:_எஸ்பிஎஃப்.கூகுள்.காம் ~ஆல்

இது கூகுள் வொர்க்ஸ்பேஸ் மட்டும் வெச்சிருக்கிறவங்களுக்கு. மைக்ரோசாஃப்ட் 365னா இன்க்ளூட்:எஸ்பிஎஃப்.புரொடெக்ஷன்.அவுட்லுக்.காம்னு வரும் (பாதுகாப்புங்கிற அர்த்தத்துல வர்ற புரொடெக்ஷன்). சொந்த சர்வர்ல இருந்து நேரா அனுப்புறீங்கன்னா அதோட ஐபியை ஐபி4:203.0.113.25 மாதிரி நடுவுல சேக்கணும் (இது சும்மா உதாரணத்துக்கான ஐபி, அப்படியே போட்டுடாதீங்க).

ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப் ரெக்கார்ட்தான் இருக்கலாம். புதுசா ஒரு சர்வீஸ் வாங்குவாங்க, அவங்க ஹெல்ப் பேஜ்ல "இந்த ரெக்கார்டைச் சேருங்க"ன்னு இருக்கும், அப்படியே இரண்டாவதா ஒண்ணு போட்டுடுவாங்க, அத்தோட இரண்டுமே செல்லாமப் போயிடும், அதுவரை நல்லா போயிட்டு இருந்த மெயிலும் சேர்ந்து அடி வாங்கும். ஏற்கனவே இருக்கிற ரெக்கார்டைத் திறந்து அதுக்குள்ளயே இன்னொரு இன்க்ளூட் சேக்கிறதுதான் சரி.

இன்னொரு எல்லை, இதைச் சரிபாக்கிற சர்வர் 10 டிஎன்எஸ் தேடலுக்கு மேல பண்ணாது. இன்க்ளூட், ஏ, எம்எக்ஸ், ரீடைரெக்ட் மாதிரி ஒவ்வொண்ணும் ஒரு தேடல், ஒரு இன்க்ளூடுக்குள்ள இருக்கிற இன்க்ளூடும் சேர்த்துத்தான் கணக்கு. பத்தைத் தாண்டினா பெர்மனென்ட் எரர்னு வந்து எஸ்பிஎஃப் மொத்தமா ஃபெயில். ஐபி4, ஐபி6 இதுல கணக்குக்கு வராது. அதனால பழைய சர்வீஸ் இன்க்ளூடெல்லாம் இருந்தா தயங்காம தூக்குங்க.

கடைசில வர்ற ~ஆல், -ஆல் குழப்பம் எல்லாருக்கும் வரும். -ஆல்னா லிஸ்ட்ல இல்லாததை நிராகரி, ~ஆல்னா சந்தேகமா பாரு. நான் ~ஆல் தான் போடச் சொல்வேன். ஏன்னா -ஆல் இருந்தா சில சர்வர்கள் டிகிம்மைப் பாக்காமலேயே வாசல்லயே மெயிலைத் திருப்பி அனுப்பிடும், ஃபார்வர்டு ஆகி வர்ற நல்ல மெயிலும் அதுல மாட்டும். கடுமை காட்ட வேண்டிய இடம் டிமார்க், எஸ்பிஎஃப் இல்ல. +ஆல் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீங்க, உலகத்துல இருக்கிற எல்லாருக்கும் அனுமதி கொடுத்த மாதிரி ஆயிடும்.

நாலாவது: டிகிம்

எஸ்பிஎஃப் எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்கும், டிகிம் மெயில்லயே ஒரு டிஜிட்டல் கையெழுத்து போடும். அனுப்புற சர்வர்கிட்ட ரகசியமா பிரைவேட் கீ இருக்கும், அதோட ஜோடி பப்ளிக் கீயை டிஎன்எஸ்ல நம்ம வைக்கணும். வாங்குற சர்வர் அந்த கீயை எடுத்து கையெழுத்தைச் சரிபாக்கும். வழியில யாராவது மெயிலை மாத்தியிருந்தா கையெழுத்து ஒத்து வராது, மாத்தாம ஃபார்வர்டு பண்ணியிருந்தா அப்படியே தாங்கும். அதனாலதான் இந்த மூணுல டிகிம்தான் ரொம்ப உறுதியானதுன்னு நான் நினைக்கிறேன்.

கீயை நம்ம உருவாக்க வேண்டியதில்ல, மெயில் சர்வீஸ் அட்மின் பக்கமே உருவாக்கித் தரும். கூகுள் வொர்க்ஸ்பேஸ்ல அட்மின் கன்சோல், அங்க ஆப்ஸ், அதுக்குள்ள ஜிமெயில், அதுக்குள்ள அத்தென்டிகேட் ஈமெயில். புது அக்கவுண்ட்னா ஜிமெயில் ஆன் ஆனதுல இருந்து கீ உருவாக்க விட ஒண்ணுல இருந்து மூணு நாள் ஆகலாம், பதறாதீங்க. கீ நீளம் 2048 பிட் எடுங்க. 1024 குறைஞ்சபட்சம், அதுக்குக் கீழ இருந்தா யாரும் மதிக்கிறதில்ல, 2012லயே ஒரு கணித நிபுணர் கூகுளோட 512 பிட் கீயை உடைச்சுக் காட்டி, அதுக்கப்புறம்தான் பெரிய கம்பெனிகள் எல்லாம் கீயை நீளமாக்கினாங்க.

அவங்க கொடுக்கிற பேர் கூகுள்._டொமைன்கீ மாதிரி இருக்கும். அண்டர்ஸ்கோருக்கு முன்னாடி வர்ற "கூகுள்"தான் செலக்டர், அதாவது எந்த கீன்னு காட்டுற அடையாளப் பேர், ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஒரு செலக்டர், அதனால எஸ்பிஎஃப் மாதிரி இங்க ஒண்ணுதான்னு கட்டுப்பாடு இல்ல, எத்தனை வேணா இருக்கலாம். மைக்ரோசாஃப்ட் 365 டிஎக்ஸ்டிக்கு பதிலா செலக்டர்1, செலக்டர்2ன்னு இரண்டு சிநேம் ரெக்கார்ட் (இன்னொரு பேரைக் கை காட்டுற வகை) கொடுக்கும். கிளவுட்ஃப்ளேர்ல சிநேம் போடும்போது ஆரஞ்சு மேகத்தை அணைச்சு டிஎன்எஸ் ஒன்லின்னு வைங்க, இல்லைன்னா வேலை செய்யாது.

இங்க இரண்டு இடத்துல ஜனங்க மாட்டிக்கிறாங்க. 2048 பிட் கீ 255 எழுத்தைத் தாண்டிடும், டிஎக்ஸ்டில ஒரு துண்டுக்கு 255 எழுத்துதான் எல்லை. நிறைய பேனல் தானாவே பிரிச்சுக்கும், பழைய பேனல்ல நீங்களே இரண்டு மேற்கோள் துண்டா பிரிச்சுப் போடணும், இல்லைன்னா கீ பாதியோட நின்னுடும். இன்னொண்ணு, ரெக்கார்ட் போட்டதும் முடிஞ்சதுனு வந்துடறது. கூகுள்ல திரும்பப் போய் ஸ்டார்ட் அத்தென்டிகேஷன் பட்டனை அழுத்தணும், மைக்ரோசாஃப்ட்ல டிஃபெண்டர் போர்ட்டல்ல டிகிம் பக்கத்துல போய் ஆன் பண்ணணும். அதைப் பண்ணாத வரைக்கும் ரெக்கார்ட் சும்மா கிடக்கும், உங்க டொமைன் பேர்ல கையெழுத்து விழாது.

லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொரு சர்வீஸுக்கும் இதே வேலையைப் பண்ணுங்க. டொமைன் அத்தென்டிகேஷன்னோ சென்டர் டொமைன்னோ அவங்க செட்டிங்ஸ்ல ஒரு பக்கம் இருக்கும்.

அஞ்சாவது: டிமார்க், அதுக்கு முன்னாடி அலைன்மென்ட்

இதைப் புரிஞ்சுக்காம டிமார்க் போட்டா எதுவும் புரியாது. மெயிலுக்கு அனுப்புநர் இரண்டு. தபால்ல உறை மேல ஒரு அனுப்புநர் முகவரி, உள்ள லெட்டர்ல கீழ ஒரு பேர் இருக்கிற மாதிரி, மெயில்லயும் உறை அட்ரஸ் ஒண்ணு (ரிட்டர்ன் பாத்னு சொல்வாங்க), படிக்கிறவர் கண்ணுக்குத் தெரியிற ஃப்ரம் ஒண்ணு. எஸ்பிஎஃப் உறையை மட்டும்தான் பாக்கும். ஆக ஒரு ஏமாத்துக்காரன் உறைல தன்னோட டொமைன், ஃப்ரம்ல உங்க டொமைன்னு போட்டா எஸ்பிஎஃப் அழகா பாஸ் ஆகும். இந்த ஓட்டையை அடைக்கத்தான் 2012ல டிமார்க் வந்துச்சு. எஸ்பிஎஃப், டிகிம் இரண்டுல ஒண்ணாவது பாஸ் ஆகணும், பாஸ் ஆன டொமைனும் ஃப்ரம்ல தெரியிற டொமைனும் ஒண்ணா இருக்கணும், இதுதான் அலைன்மென்ட்.

இதனாலதான் பல நியூஸ்லெட்டர் சர்வீஸோட இன்க்ளூடை எஸ்பிஎஃப்ல சேத்தும் டிமார்க் ஃபெயில் ஆகுது. அவங்க உறைல அவங்க டொமைனைப் போட்டு அனுப்புறாங்க, அப்போ பாக்கப்படுறது அவங்க எஸ்பிஎஃப், உங்களோடது இல்ல. பத்து தேடல்ல ஒண்ணை வீணாக்கினதுதான் மிச்சம். அந்த மாதிரி சர்வீஸுக்கு உங்க டொமைன் பேர்ல டிகிம் கையெழுத்து போட வைக்கிறதுதான் வழி.

கான்டாக்ட் ஃபார்ம்லயும் இதே கதை. ஃபார்ம் நிரப்பினவரோட ஜிமெயில் அட்ரஸை ஃப்ரம்ல போட்டு உங்களுக்கு அனுப்புற மாதிரி நிறைய வெப்சைட்ல செட் பண்ணியிருப்பாங்க. உங்க சர்வருக்கு அவங்க பேர்ல அனுப்ப அனுமதி கிடையாது. ஃப்ரம்ல உங்க டொமைன் அட்ரஸ், ரிப்ளை டூல அவங்க அட்ரஸ், இப்படி மாத்திடுங்க. அதோட வெப் சர்வர் நேரா அனுப்புறதை நிறுத்திட்டு எஸ்எம்டிபி பிளகின் வழியா உங்க மெயில் சர்வீஸ் மூலமாவே அனுப்புங்க.

இப்போ ரெக்கார்ட். டிஎக்ஸ்டி, பேர் _டிமார்க், வேல்யூ:

வி=டிமார்க்1; பி=நன்; ஆர்யூஏ=மெயில்டூ:ரிப்போர்ட்@எக்ஸாம்பிள்.காம்

இதுல வி=க்கு அப்புறம் வர்ற டிமார்க்1 மட்டும் கேப்பிடல் எழுத்துல இருக்கணும், மத்தது சின்ன எழுத்து. ஆர்யூஏங்கிறது ரிப்போர்ட் வர வேண்டிய அட்ரஸ், அங்க உங்களோடதைப் போடுங்க. பேர் இடத்துல முழு டொமைனையும் சேத்து எழுதினா சில பேனல் தானாவே இன்னொரு தடவை டொமைனைப் பின்னாடி ஒட்டிடும், சேவ் பண்ணதும் ஒரு தடவை பாத்துக்கோங்க.

பி=நன்னா "எதையும் தடுக்காத, ரிப்போர்ட் மட்டும் அனுப்பு". ஆரம்பம் இதுலதான் இருக்கணும். நேரா ரிஜெக்ட்ல (ஃபெயில் ஆனா வாங்காம நிராகரி) ஆரம்பிச்சா லிஸ்ட்ல விட்டுப்போன சர்வீஸோட மெயில் எல்லாம் சத்தமில்லாம காணாமப் போகும். 2014ல யாஹூவே தன் டொமைனை ரிஜெக்டுக்கு மாத்தினப்போ, யாஹூ அட்ரஸ்ல இருந்து மெயிலிங் லிஸ்டுக்கு (ஒரு அட்ரஸுக்கு எழுதினா குழுவுல எல்லாருக்கும் போற ஏற்பாடு) எழுதினவங்க மெயில் எல்லாம் திரும்பி வந்து பெரிய பிரச்சனை ஆச்சு, ஏன்னா அந்த லிஸ்டுகள் சப்ஜெக்ட்லயும் அடிக்குறிப்புலயும் ஏதாவது சேத்து அனுப்பும், டிகிம் உடைஞ்சிடும்.

ஆறாவது: ரிப்போர்ட் படிக்கிறது

ரிப்போர்ட்டுக்குன்னு தனி மெயில்பாக்ஸ் வைங்க. ஜிமெயில், யாஹூ மாதிரி பெரிய இடங்கள் தினமும் ஒரு ஜிப் ஃபைல் அனுப்பும், உள்ள எக்ஸ்எம்எல். எந்த ஐபில இருந்து எத்தனை மெயில், எஸ்பிஎஃப் என்ன ஆச்சு, டிகிம் என்ன ஆச்சுன்னு இருக்கும், மெயில்ல இருந்த விஷயம் எதுவும் இருக்காது. வெறும் கண்ணால படிக்கிறது கஷ்டம், இதைப் பிரிச்சுக் காட்டுற இலவச டூல் நிறைய இருக்கு. ரிப்போர்ட்டை நேரா வேற டொமைன் அட்ரஸுக்கு அனுப்பச் சொன்னா அந்த டொமைன்காரங்க அதுக்கு சம்மதம் சொல்லி அவங்க டிஎன்எஸ்ல ஒரு ரெக்கார்ட் வெச்சிருக்கணும், ரிப்போர்ட் சர்வீஸ் கம்பெனிகள் அதைத் தாங்களே பாத்துக்குவாங்க.

ரிப்போர்ட்ல வர்ற ஒவ்வொரு இடத்தையும் உங்க ஷீட்டோட ஒப்பிடுங்க. ஷீட்ல இருக்கு, பாஸ் ஆகுது, சரி விடுங்க. ஷீட்ல இருக்கு, ஃபெயில் ஆகுது, அதுதான் உங்களுக்கு வேலை, அந்த சர்வீஸோட டிகிம்மை சரி பண்ணுங்க. ஷீட்ல இல்ல ஆனா பாஸ் ஆகுதுன்னா ஆபீஸ்ல யாரோ ஏதோ வாங்கியிருக்காங்க, விசாரிங்க. எஸ்பிஎஃப் ஃபெயில், டிகிம் பாஸ்னா பெரும்பாலும் ஃபார்வர்டு, கவலை வேண்டாம். சம்பந்தமே இல்லாத ஐபி, இரண்டும் ஃபெயில், இதுதான் உங்க பேர்ல விளையாடுறவன். முதல் தடவை இதைப் பாக்கும்போது நிறைய பேருக்கு அதிர்ச்சியா இருக்கும், சின்னக் கம்பெனிதானேன்னு யாரும் விட்டுவைக்கிறதில்ல.

குறைஞ்சது ஒரு மாசக் கடைசி தாண்டுற வரைக்குமாவது பொறுங்க. சம்பள ஸ்லிப், மாசாந்திர ஸ்டேட்மென்ட் எல்லாம் மாசத்துக்கு ஒரு தடவைதான் போகும், அது ரிப்போர்ட்ல வந்தாதான் தெரியும்.

ஏழாவது: கையைக் கட்டிக்கிட்டு நன்லயே நின்னுடாதீங்க

பி=நன் யாரையும் தடுக்காது. போலி மெயில் வழக்கம் போல போய்க்கிட்டேதான் இருக்கும், உங்களுக்கு ரிப்போர்ட் மட்டும் வரும். ரெக்கார்ட் போட்டு வருஷக் கணக்கா நன்லயே வெச்சிருக்கிற கம்பெனிகளைப் பாக்கும்போது எனக்கு ஆதங்கமா இருக்கு, கஷ்டமான வேலையெல்லாம் முடிச்சுட்டு கதவைப் பூட்டாம விட்டிருக்காங்க. உங்க சர்வீஸ் எல்லாம் பாஸ் ஆக ஆரம்பிச்சதும் பி=குவாரன்டைன்னு மாத்துங்க, ஃபெயில் ஆகுறது ஸ்பாமுக்குப் போகும். சில வாரம் ரிப்போர்ட் பாருங்க, யாராவது "மெயில் வரல"ன்னு சொல்றாங்களான்னு கவனிங்க. அமைதியா இருந்தா பி=ரிஜெக்ட். மாத்துறதுக்கு முந்தின நாளே அந்த ரெக்கார்டோட டிடிஎல்லை (மத்த சர்வர்கள் அதை எத்தனை செகண்ட் நினைவுல வெச்சிருக்கணும்ங்கிற அளவு) 300 ஆக்கிக்கோங்க, ஏதாவது தப்பானா பழைய நிலைக்குச் சீக்கிரம் திரும்பலாம்.

சப்டொமைனுக்கு (நியூஸ்.எக்ஸாம்பிள்.காம் மாதிரி) டிமார்க் தானாவே மேல இருந்து இறங்கும், எஸ்பிஎஃப் அப்படி இறங்காது, நியூஸ்லெட்டருக்குன்னு சப்டொமைன் வெச்சு அதை உறை அட்ரஸா பயன்படுத்தினா அதுக்குத் தனியா எஸ்பிஎஃப் வேணும். மெயிலே அனுப்பாத டொமைன்கள், பேர் பாதுகாப்புக்காக வாங்கி வெச்சது ஏதாவது இருந்தா அதுக்கு வி=எஸ்பிஎஃப்1 -ஆல் போட்டு, டிமார்க்ல நேரா பி=ரிஜெக்ட் போட்டுடுங்க, அங்க காத்திருக்க ஒண்ணுமில்ல, -ஆல் பொருத்தமான இடமும் அதுதான்.

சரியா இருக்கான்னு பாக்க ரொம்ப சுலபமான வழி, உங்க சொந்த ஜிமெயில் ஐடிக்கு ஒரு மெயில் அனுப்பி, கம்ப்யூட்டர்ல திறந்து, மூணு புள்ளி மெனுல ஷோ ஒரிஜினல் அழுத்துங்க. மேலயே எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூணுக்கும் பாஸா ஃபெயிலான்னு காட்டும். டிகிம் பாஸ்னு இருந்தா பக்கத்துல எந்த டொமைன்னும் பாருங்க, அங்க உங்க டொமைன் வரணும், சர்வீஸ் கம்பெனியோட டொமைன் வந்தா இன்னும் வேலை பாக்கி. லிஸ்ட்ல இருக்கிற ஒவ்வொரு சர்வீஸ்ல இருந்தும் ஒரு டெஸ்ட் மெயில் இப்படிப் பாத்துடுங்க, பில்லிங் சாஃப்ட்வேர் உட்பட.

ரிஜெக்ட் வந்ததுக்கு அப்புறமும் சிலது இதுல அடங்காது. உங்க டொமைன் மாதிரியே ஒரு எழுத்து மாத்தி வாங்கின டொமைன்ல இருந்து வர்றது, பேர் இடத்துல மட்டும் உங்க கம்பெனி பேரைப் போட்டு வேற அட்ரஸ்ல இருந்து வர்றது, இதையெல்லாம் டிமார்க் பாக்காது. பணம் சம்பந்தமா அக்கவுண்ட் மாத்தச் சொல்லி மெயில் வந்தா போன்ல கேட்டு உறுதிப்படுத்தணும்னு உங்க கஸ்டமர்கிட்டயும் உங்க அக்கவுண்ட்ஸ் ஆட்கள்கிட்டயும் சொல்லி வைங்க.

அந்த ஷீட்டைத் தூக்கிப் போட்டுடாதீங்க. புது சர்வீஸ் வாங்கினா முதல் மெயில் போறதுக்கு முன்னாடி டிகிம் செட் பண்ணிட்டு ஷீட்ல ஏத்துங்க, ஏதாவது ஒரு சர்வீஸை நிறுத்தினா அன்னிக்கே அதோட இன்க்ளூடையும் டிகிம் ரெக்கார்டையும் டிஎன்எஸ்ல இருந்து எடுத்துடுங்க, இல்லைன்னா நீங்க விட்டுட்டு வந்த இடத்துக்கு உங்க பேர்ல அனுப்புற அனுமதி அப்படியே இருக்கும்.